திமில் இல்லாத ஆறு

போன மாதம் எங்கள் ஆற்றங்கரையில் ஓர் இரும்புக் கம்பம் நட்டார்கள். உச்சியில் சூரியத் தகடு, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அந்தப் பெட்டியே அளந்து, அதுவே மேலதிகாரியின் செல்போனுக்கும் சொல்லிவிடுமாம். கம்பத்துக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக் என்னிடம் கேட்டார்.

"ஏன் அண்ணாச்சி, முன்னாடி இதுக்குன்னு ஒரு ஆளே போட்டிருந்தாகளாமே? தெனம் போயி எதைப் பாப்பாரு அந்த ஆளு?"

"மணலை" என்றேன். "அந்த ஆளு நான்தான் தம்பி."

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி அவர் காலிலேயே விழுந்தது. அப்போதும் சிரிப்பை நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து மகள் செல்வியிடம் சொன்னேன். அவள் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். ஒரு குழந்தைக்கு 'நாய்' என்றால் எது, 'பூ' என்றால் எது என்பதெல்லாம் மனசில் எப்படி உருவாகிறது, எப்படி வளர்கிறது என்று தபாலில் வேறு படித்துக்கொண்டிருக்கிறாள். "அப்பா, நீங்க ஆத்தைப் பத்தி எழுதிக் குடுங்க. எங்க பிள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டுறேன். பெரியவங்களுக்கும் இந்தக் குழப்பமெல்லாம் வருதுன்னு தெரிஞ்சா அதுக சந்தோசப்படும்" என்றாள். எனக்குப் படிப்பு எட்டாவது. அதுவும் கணக்கில் தட்டுத்தடுமாறி. ஆகவே பிள்ளைகளே, பிழை இருந்தால் உங்கள் டீச்சரிடம் சொல்லுங்கள், அவள் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டிக்கொள்வாள்.

முதலில் ஒன்று செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 'ஆறு' என்று நினையுங்கள். என்ன தெரிகிறது? நீல நிறத்தில் தண்ணீர், மேலே ஒரு படகு. உங்கள் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது திருச்சுழிக்குப் பக்கத்துக் கரிசல் காட்டில். எங்களுக்கு ஆறு என்றால் மணல். அகலமாக, மேடுபள்ளமில்லாமல், கல்முள் இல்லாமல் கிடக்கிற நல்ல மணல். ஆற்றில் ஆடு அடைப்போம். கபடி விளையாடுவோம். மிளகாய் காயப்போடுவோம். வியாழக்கிழமைதோறும் சந்தை கூடும். மழை பெய்தால் வருகிற தண்ணீரை மேற்கே இருக்கும் கண்மாய்கள் (உங்கள் புத்தகத்தில் ஏரி, எங்கள் வாயில் கம்மாய்) வரிசையாகக் குடித்துவிடும். எங்கள் வரைக்கும் எதுவும் வராது. தண்ணீர் இருந்தால் அது கண்மாய், மணல் இருந்தால் அது ஆறு. இதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

அந்த ஆற்றில் தண்ணீர் அளக்கிற வேலைதான் எனக்குக் கிடைத்தது. எண்பதுகளின் தொடக்கம். வேலைக்கு லஸ்கர் என்று பெயர். காக்கிச் சட்டை உண்டு.

பயிற்சிக்குப் பத்து நாள் ஓர் அணைக்கட்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாளையும் பத்து வரியில் சொல்லிவிடலாம். முதல் நாள் கரையில் நிறுத்தி, "இதுதான் ஆறு" என்றார்கள். நான் பார்த்தேன். தண்ணீராக இருந்தது. "ஐயா, இந்தக் கம்மாய்க்கு மடை எங்க இருக்கு?" என்று கேட்டேன். கூட வந்த பதினாலு பேரும் சிரித்தார்கள். சாயங்காலம் வரைக்கும் அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பயிற்சி கொடுத்தவரிடம் போய், "ஐயா, ராத்திரியிலயும் இது ஓடுமா?" என்றேன். "ஏன், யாரு நிப்பாட்டப் போறா?" என்றார் அவர். அது ஒரு நல்ல கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது. பத்து நாளும் என் பெயர் 'கம்மாய்'.

ஊர் திரும்பியதும் ஆற்றின் நடுவில் ஒரு கல் நட்டுக் கொடுத்தார்கள். அதற்கு அளவுக்கல் என்று பெயர். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். வெள்ளையடித்து, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு, ஒவ்வொரு மீட்டருக்கும் சிவப்பில் ஓர் எண். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். தண்ணீர்தான் இல்லையே என்று முதல் மாதம் முழுவதும் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

மாதக் கடைசியில் என் மேலதிகாரி, எங்கள் செக்‌ஷன் ஐயா வந்தார். பெயர் பஞ்சநதம். காவிரிக் கரைக்காரர். எங்கள் ஊருக்கு வேலை மாறி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அருப்புக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி, என் பின்னாலேயே நடந்து வந்தார். கொஞ்ச தூரம் வந்ததும் நின்றார்.

"ஆறு எங்கேப்பா?"

"ஐயா, ஆத்துலதான் நிக்கிறீங்க."

அவர் குனிந்து காலடியைப் பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு ஆடுகள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றன. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டார். அப்புறம்தான் நடந்தார். சித்திரை மாத மணல். பொரி வறுக்கலாம். நாலு எட்டு நடந்தவர் அதற்குப் பிறகு நடக்கவில்லை, குதித்தார். "ஐயா, செருப்பைப் போட்டுக்கிடுங்க" என்று நான் பின்னாலேயே ஓடினேன். "தெரியுதுப்பா, தெரியுதுப்பா. கால் கேட்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே அளவுக்கல் வரைக்கும் குதித்தே போனார். அவர் கால் பிறந்த ஊரில் கற்றுக்கொண்டது அது. ஆற்றில் இறங்கினால் செருப்பைக் கழற்று, துணியை மடி. பன்னிரண்டு வருடம் எங்களோடு இருந்தார். பன்னிரண்டு வருடமும் அப்படித்தான் இறங்கினார்.

இன்னொரு பழக்கம், எதைச் சொன்னாலும் "அப்படின்னா?" என்பார். கோபத்தில் இல்லை. நிசமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார். அன்றைக்குப் பதிவேட்டைப் புரட்டினார்.

"இந்தக் கோடு... அப்படின்னா?"

"தண்ணி இல்லைங்கய்யா."

"கோடு போட்டா நீ போகலைன்னு அர்த்தம். பூஜ்யம் போட்டாத்தான் நீ போனே, பார்த்தே, தண்ணி இல்லைன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணா?"

நான் யோசித்தேன். அதுவரைக்கும் 'இல்லை' என்றால் எல்லாம் ஒரே 'இல்லை' என்றுதான் நினைத்திருந்தேன். பார்க்காததால் இல்லை என்பது ஒன்று. பார்த்தபிறகு இல்லை என்பது வேறொன்று. முப்பது வயதில் பூஜ்யம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேன்.

"சரி, எங்கே, அளந்து காட்டு" என்றார். நான் நின்றபடியே கல்லைப் பார்த்து, "பூஜ்யம்ங்கய்யா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "கண் தண்ணி மட்டத்துக்கு நேரே இருக்கணும். பயிற்சியில சொல்லலையா?" தண்ணீர் மட்டம் மணல் மட்டத்தில் இருந்தது. ஆகவே என் கண்ணும் அங்கே போக வேண்டியிருந்தது. முட்டி போட்டேன். போதவில்லை. கையை ஊன்றி, கன்னத்தை மணலில் வைத்து, ஒரு கண்ணை மூடி, கல்லின் அடியைப் பார்த்தேன். "இப்போ சொல்லு." "பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம்ங்கய்யா." "எழுது" என்றார் திருப்தியாக.

அன்றிலிருந்து காலையும் மாலையும் ஆற்றின் நடுவில், காக்கிச் சட்டையோடு, ஒரு கல்லின் முன்னால் விழுந்து எழுந்தேன். ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். பிள்ளைகளே, புதிதாக ஒன்றைப் பார்த்தால் அது என்னவென்று நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம்? அதை வைத்து மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறோம். இரண்டாம் மாதம் ஒரு காலையில் போனால் கல்லுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சை மாலை போட்டிருந்தது. கோடு எதுவும் தெரியவில்லை.

நான் என்ன செய்ய? ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிச் சந்தனத்தைக் கழுவினேன். துண்டால் துடைத்தேன். பிறகு வழக்கம்போல விழுந்து பார்த்து எழுதினேன். தண்ணீர் ஊற்றி, துடைத்து, விழுந்து கும்பிட்டால் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் பால் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஒரு பெரியவர் என்னிடம், "சாமி எழுதிக் குடுக்குமா, இல்ல நீங்க கேட்டு எழுதுவீகளா?" என்றார்.

பஞ்சநதம் ஐயாவிடம் சொன்னேன். அவர் ஒரு தகரப் பலகையில், 'இது சாமி அல்ல. நீர்மட்டம் அளக்கும் கல்' என்று எழுதி அனுப்பினார். கல்லுக்குப் பக்கத்தில் நட்டேன். வெள்ளிக்கிழமை பலகைக்கும் சந்தனம் வைத்துவிட்டார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். செல்வி மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஆறு வரையச் சொல்லியிருக்கிறார்கள். இவள் தாள் முழுக்கப் பழுப்பு நிறம் தீட்டி, ஏழு ஆடு, ஒரு மிளகாய்க் குவியல், கல்லுக்கு முன்னால் குப்புற விழுந்து கிடக்கிற ஓர் ஆள் எல்லாம் வரைந்திருக்கிறாள். டீச்சர் பெரிதாகத் தப்புப் போட்டுவிட்டார். அழுதுகொண்டே வந்தாள். "ஏப்பா, நீல ஆறு எந்த ஊருல இருக்கு?" என்றாள். "எங்க பஞ்சநதம் ஐயா ஊர்ல இருக்கு தாயி" என்றேன். "அங்க ஆடெல்லாம் எங்க படுக்கும்?" என்றாள். அவள் வரைந்ததில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. ஆள் மட்டும் கொஞ்சம் குண்டாக இருந்தான்.

இப்படியே வருசம் போனது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம். தொண்ணூறுகளில் ஒரு மாசி மாதம் வந்தது. அந்த வியாழக்கிழமையைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அன்றைக்குச் சந்தை. பந்தல்குடி, மல்லாங்கிணறு என்று சுற்றுப்பக்கமெல்லாம் ஆற்றுக்குள் இறங்கியிருந்தது. சந்தைக்கு மேல்புறம் ராக்கு அக்கா மிளகாய் காயப்போட்டிருந்தார். ராக்கு அக்காவுக்குப் புருசன் இல்லை. ஒன்றரை ஏக்கரில் தானும் மகன் கருப்பையாவுமாகப் பாடுபட்டு எடுத்த மிளகாய், பதினோரு மூட்டை இருக்கும், மணலில் சிவப்புச் சமுக்காளம் விரித்த மாதிரிக் கிடந்தது. வருசம் முழுக்க அதை வைத்துத்தான் அந்த வீட்டில் உலை கொதிக்க வேண்டும்.

ஒரு மணி பஸ்ஸில் கண்டக்டர் ஒரு சீட்டு கொடுத்தார். பஞ்சநதம் ஐயா கையெழுத்து. 'மேற்கே இரவெல்லாம் மழை. நிறைந்திருந்த கண்மாய் ஒன்று உடைந்துவிட்டது. மதியம் ஒன்றரை மணி வாக்கில் நம் இடத்துக்கு ஒரு மீட்டர் தண்ணீர் வரும். ஆற்றில் ஒருவர்கூட இருக்கக் கூடாது. நான் வருகிறேன்.'

ராக்கு அக்கா ஏறினால் சந்தையே ஏறும் என்று நேராக அவரிடம் ஓடினேன்.

"அக்கா, ஆறு வருது. கரையேறுங்க."

"ஆறு எங்கயிருந்துப்பா வருது? இங்கதான கெடக்கு."

"தண்ணிக்கா. தண்ணி வருது."

அவர் வானத்தைப் பார்த்தார். பொட்டு மேகம் இல்லை. வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. "மழை எங்க?"

"மழை மேற்க. கம்மாய் உடைஞ்சிருச்சு. ஒரு மீட்டர் வருமாம்."

"ஒரு மீட்டரா? அது ஒரு ஆம்பளைச் சட்டைக்கே பத்தாதேப்பா."

பக்கத்தில் துணிக்கடை போட்டிருந்தவர், "அகலம் பெருசா இருந்தா பத்தும்க்கா. அகலம் எம்புட்டு அண்ணே?" என்று என்னைக் கேட்டார். சந்தையில் மீட்டர் என்றால் அவர் கடையில் கிழிக்கிறதுதான்.

"இடுப்பளவுக்கா! இடுப்பளவுத் தண்ணி!"

"இடுப்பளவுதான?" அக்காவுக்கு நிம்மதியாகிவிட்டது. "கம்மாயில கழுத்தளவுல நின்னு துணி அலசினவ நானு. சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு நின்னுக்கிருவேன்."

"மிளகா?"

"மிளகா மிதக்கும்ல. மிதந்தா அங்கனயேதான நிக்கும்? தண்ணி வத்துனதும் அள்ளிக்கிடலாம். நீ போயி உன் சாமியக் கும்பிடு."

இப்போது நினைத்தால் அங்கேயே ஒரு வழி இருந்தது. 'சாமிதான் ஏறச் சொல்லுச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆறே காலியாகியிருக்கும். அந்தப் புத்தி எனக்கு ஓய்வு பெற்றபிறகுதான் வந்தது.

ஆனால் ஒன்று அப்போதே விளங்கியது. தண்ணீரைப் பற்றி ராக்கு அக்காவுக்குத் தெரியாதது எதுவுமில்லை. அவருக்குத் தெரிந்த தண்ணீர் நிற்கிற தண்ணீர். ஓடுகிற தண்ணீரை அவர் கண்டதே இல்லை. காணாத ஒன்றை மீட்டரிலும் அடியிலும் சொல்லி என்ன செய்ய? அவர் கண்ட ஏதாவது ஒன்றிலிருந்துதான் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும். அணைக்கட்டில் நான் கண்மாயிலிருந்துதானே புறப்பட்டுப் போனேன்?

"அக்கா, கம்மாய்த் தண்ணி கட்டிப்போட்ட மாடு. இது அவுத்துவிட்ட மாடு. மிரண்டு ஓடியாருது. இடுப்பளவா இருந்தாலும் முட்டித் தள்ளி இழுத்துட்டுப் போயிரும். மிளகாயையும் சேத்து."

ராக்கு அக்காவின் முகம் மாறியது. அவருக்கு இப்போது தண்ணீர் ஓடுவது தெரிந்தது. "அடப்பாவி, இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன? மீட்டரு கீட்டருன்னுக்கிட்டு!" என்றவர், சந்தையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ராக்கு அக்காவின் குரல் சாதாரணமானதில்லை. "ஏறுங்கடி ஏலே! தண்ணி வருதாம்! மிரண்ட மாடு மாதிரி வருதாம்!"

சந்தை எழுந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாத்திரக் கடையிலிருந்து கருவாட்டுக் கடைக்கு, கருவாட்டுக் கடையிலிருந்து வளையல் கடைக்கு என்று சேதி ஓடியது. போகிற வழியில் முதலில் 'மாதிரி' கழன்று விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் 'தண்ணி'யும் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். கடைசிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது இதுதான்: "மாடு வருது! மேற்க அவுத்துவிட்டாகளாம்!"

மாசி மாதம் மஞ்சுவிரட்டுக் காலம். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கடைக்காரர்களும் பெண்களும் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கடகடவென்று கரையேறி, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். கரைமேல் டீக்கடையில் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள் எட்டுப் பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆற்றுக்குள் குதித்தார்கள். முன்னால் நின்றவன் ராக்கு அக்காவின் மகன் கருப்பையா.

"எந்த ஊரு மாடுடா?"

"காரியாபட்டி மாடாம். கொம்பு சீவி விட்டிருக்காகளாம்."

"செவலையா, மயிலையா?"

"எதுவா இருந்தா என்ன, எனக்குத்தான் மொதப் பிடி" என்று கருப்பையா உள்ளங்கையில் மணலை அள்ளித் தேய்த்துக்கொண்டான்.

ராக்கு அக்கா மூன்று மூட்டை அள்ளிக் கட்டியிருந்தார். மகனைப் பார்த்ததும் சாக்கைப் போட்டுவிட்டு ஓடினார்.

"ஏலே கருப்பையா, மேல ஏறுடா! மாடில்லடா, தண்ணிடா!"

"ஊரே மாடுங்குது, நீ மட்டும் தண்ணிங்கிற. நீ போத்தா, எனக்கு ஒண்ணும் ஆகாது."

"நான்தாண்டா அந்த மாட்டையே சொன்னேன்!"

"பாத்தியா, நீயே மாடுங்கிற!"

ஒருத்தர் மனசில் ஒன்று உட்கார்ந்துவிட்டால் அதை எழுப்புவது லேசில்லை, பிள்ளைகளே. நான் காக்கிச் சட்டையோடு நடுவில் நின்று அளவுக்கல்லைக் காட்டிக் கத்தினேன். "மாமா மாட்டைப் பாத்து பயந்துட்டாரு" என்றார்கள்.

அப்போதுதான் தண்ணீரே வந்தது. காய்ந்த ஆற்றில் வருகிற தண்ணீரின் தலை எப்படி இருக்கும் தெரியுமா? சாண் உயரம்கூட இல்லை. காய்ந்த பனையோலை, சருகு, ஆட்டுப் புழுக்கை, அறுந்த செருப்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, நுரைத்துக்கொண்டு, சரசரவென்று வாசல் பெருக்குகிற சத்தத்தோடு மெல்ல வரும். இளவட்டங்கள் காலை நனைத்தது. எட்டுப் பேரும் குனிந்து பார்த்தார்கள். இனிமேலாவது ஏறுவார்கள் என்று நினைத்தேன்.

"தண்ணி முன்னால வருது" என்றான் கருப்பையா. "மாடு பின்னால வருது போல."

அந்த நேரம் கரையில் மொபெட் சத்தம். பஞ்சநதம் ஐயா. வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்து இறங்கினார். அன்றைக்கு அவர் குதிக்கவில்லை. தண்ணீருக்குள் கால் வைத்ததும் அவர் நடையே வேறாக இருந்தது. எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் அந்த இடம் சொந்த ஊர் போல இருந்தது. நேராகக் கருப்பையாவிடம் போனார். 'ஏறு' என்று சொல்லவில்லை.

"தம்பி, மாடு பிடிக்கிறதுன்னா... அப்படின்னா?"

கருப்பையாவுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "மாடு பிடிக்கிறதுதான் சார்."

"எதைப் பிடிப்பே?"

"திமிலைத்தான் சார். திமில அணைஞ்சு பிடிக்கணும்."

"கொம்பு?"

"கொம்பைப் பிடிச்சா குடலு வெளிய வந்துரும்."

"வால்?"

"வாலைப் பிடிக்கிறது ஆட்டத்துல சேத்தி இல்ல சார்." எட்டுப் பேரும் சிரித்தார்கள்.

"அப்போ திமில்தான். சரி. அதோ வருது பார். அதுல திமில் எங்கே இருக்குன்னு காட்டு. காட்டினா உன்னோடு சேர்ந்து நானும் பிடிக்கிறேன்."

எல்லாரும் மேற்கே பார்த்தோம். ஆறு வளைகிற இடத்தில் இரண்டாவது தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக, பழுப்பாக, ஒரே மட்டமாக. ஒரு கருவேல மரம் வேரோடு அதில் உருண்டு வந்தது. கருப்பையா நெற்றியில் கைவைத்துப் பார்த்தான். இடது கரையிலிருந்து வலது கரை வரைக்கும் மெதுவாகத் தலையைத் திருப்பினான். நிசமாகவே தேடினான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அவன் பயப்படவில்லை. ஒன்றைப் புதிதாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார்... பிடிக்க எங்கயுமே எடமில்லையே சார்."

"திமில் இல்லாததை என்ன செய்வே?"

"வழி விட்டுருவோம் சார்."

"அப்போ விடு."

"ஏலே, திமில் இல்லடா! ஏறுங்கடா!" என்று கருப்பையா கத்தியதும் எட்டுப் பேரும் திரும்பினார்கள். திரும்பினவர்கள் சும்மா ஓடவில்லை. கருப்பையாவும் இன்னும் இரண்டு பேரும் கட்டி வைத்த சாக்கை ஆளுக்கு ஒன்றாகத் தோளில் போட்டார்கள். மற்றவர்கள் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து விரித்து, கண்ட மட்டும் மிளகாயை அள்ளி முடிந்துகொண்டு ஓடினார்கள். ராக்கு அக்கா புடவைத் தலைப்பில் அள்ளினார். ஐயா என் பதிவேட்டின்மேல்கூட இரண்டு கை அள்ளி வைத்தார். நான் கடைசியாக ஏறினேன். என் குதிகாலில் தண்ணீர் முட்டியது. ராக்கு அக்காவிடம் நான் சொன்னது சரிதான் என்று என் குதிகாலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கரையில் நின்று எண்ணிப் பார்த்தோம். எட்டுப் பேரும் இருந்தார்கள். மிளகாயில் நாலு மூட்டை தேறியது. மீதி தண்ணீருக்கு மேலே சிவப்பாக, நீளமாக, கிழக்கே போனது. ராக்கு அக்கா மகனின் கையைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிக்கலியேடா" என்றார். "மிதந்தா நிக்கும்னு நெனச்சேன். போகுதேடா!"

அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மகனின் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார். "மொதப் பிடி வேணுமா உனக்கு மொதப் பிடி!" இரண்டாவது அறையும் வைத்தார். மூன்றாவதற்குக் கை ஓங்கி, அவன் தலையைக் கோதிவிட்டார்.

அளவுக்கல் ஒரு மீட்டர் பத்து காட்டியது. என் வேலையில் முதன்முதலாக நின்றுகொண்டு படித்தேன். ஐயா கரையோரம் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, ஆத்தைத் தண்ணி மூடிருச்சு. எப்ப எடுப்பாங்க?"

மூன்று நாளில் எடுத்துவிட்டார்கள். வேறு எங்கே போவது, அடுத்த வியாழக்கிழமை சந்தை மறுபடி ஆற்றில்தான் கூடியது. ராக்கு அக்கா நாலு மூட்டையையும் மறுபடி காயப்போட்டிருந்தார். ஐயாவும் நானும் போனோம். ஐயா கொஞ்ச நேரம் சந்தையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது? பாட்டுக் கச்சேரிக்கு உட்கார்ந்த மாதிரி எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்காங்க?" என்றார். அப்போதுதான் நானும் கவனித்தேன். கருவாட்டுக் கடை, வளையல் கடை, பாத்திரக் கடை, எல்லாக் கடைக்காரர்களும் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாங்க வந்தவர்கள்தான் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து மிளகாய் வாங்க வந்திருந்த ஒருவர் ராக்கு அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று கோபமாகச் சொன்னார்: "ஏம்மா, மூஞ்சியத் திருப்பி யாவாரம் பண்ணும்மா. முதுகுகிட்டயா வெலை கேக்குறது?"

ராக்கு அக்கா திரும்பவில்லை. "கேளுங்கய்யா, காதுக்குப் பின்னாடியும் கேக்கும். கண்ணுக்குத்தான் இங்கிட்டு வேலை கெடக்கு."